ஆமைக்காக இருபது நிமிடம்

ட்ரோன் ஓட்டுவது என்பது இருபது நிமிடம் பறப்பதும், அந்த இருபது நிமிடத்துக்காக ஒரு வாரம் வானத்தைப் பார்ப்பதும்தான்; எதற்காகவாவது காத்திருந்து கழுத்து வலித்தவர்களுக்கு இது புரியும்.

நானும் ஜெனிஃபரும் தாம்பரத்தில் முதுகலை விலங்கியல் படிக்கிறோம். கோவளம் விரிகுடாவில், நீருக்கடியில் ஏதோ பாறையில் கிழிந்த வலை ஒன்று சிக்கிக் கிடக்கிறது. அதில் மாட்டிச் செத்த பங்குனி ஆமைகள் கரை ஒதுங்குகின்றன. வலை கிடக்கும் இடத்தைக் காட்டினால் மீனவர்கள் இழுத்துவிடுவார்கள். இரண்டு வருடமாகச் செத்த ஆமைகளையே அளந்திருக்கிறோம். படிப்பு முடிவதற்குள் உயிரோடு ஒன்றைப் பார்க்கவேண்டும் என்பது ஜெனிஃபரின் ஆசை. என்னுடையதும்தான், நான் வெளியே சொல்லவில்லை.

மொட்டைமாடி

தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பதால் ட்ரோன் பறக்கத் தடை. வாரம் முழுக்க அது என் அறையில் போர்வைக்குள் கிடக்கும். வெள்ளிக்கிழமை மாலை மாடிக்குக் கொண்டுபோய் இறக்கைகளைத் துடைப்பேன். விதிகளை உட்பிரிவோடு எடுத்துச் சொன்ன பிறகும் பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை.

"ஏம்பா, எங்க டேங்க் ரொம்பிடுச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டு வரச் சொல்லேன், அதுக்கெல்லாமா பர்மிஷன்?"

மூன்று படகுகள்

வயலை உழுவதுபோல வரிவரியாகப் பறந்து படமெடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி வரைபடமாக்குவது எங்கள் வழக்கம். நிலத்துக்குச் சரி. கடல் அதுவரை நிற்பதில்லை. படகுக்காரர் அந்தோணி அண்ணன் முன்னால் வரைபடத்தை மணலில் விரித்தபோதுதான் கவனித்தோம்: நாங்கள் ஒவ்வொரு வரியாகப் பறப்பதற்குள் அவர் நகர்ந்துகொண்டே இருந்ததால், அவருடைய நீலப் படகு மூன்று இடத்தில் இருந்தது. வலை எங்கேயும் இல்லை.

பிழையின் காரணத்தை நான் விளக்க ஆரம்பித்தேன்; கேட்காமலே விளக்குவது என் வியாதி. ஜெனிஃபர் என் காலை மிதித்தாள். அண்ணன் மூன்று படகுகளையும் விரலால் மெல்லத் தடவினார்.

"என்னாண்ட இருக்கறது ஒண்ணுதாம்பா. மீதி ரெண்டு எங்க கீதுன்னு சொல்லு, போய் எடுத்துக்கினு வரேன்."

கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும்

அடுத்த மாதம், அலை அடங்கிய ஒரு சனிக்கிழமை காலையில், ஒட்டாத ஒற்றைப் படத்தில் வலை தெரிந்தது. பாசி பிடித்த கறுப்புத் துணிபோல. அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை அந்தோணி அண்ணனுக்கு வாசித்தேன்.

"அத்த வெச்சு நா இன்னா பண்றது? மாதா கோயில் கோபுரம் எதுக்கு நேரா நிக்குது, அத்த சொல்லு."

இறுதிக் காட்சி

வலைக்கு மேலே ட்ரோனை நிறுத்தி, கரைப்பக்கம் திருப்பிப் படமெடுத்தோம். கோபுரமும் அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் நின்றன. அண்ணன் அந்தக் கோட்டிலேயே படகை விட்டார். வலை கனம், அவருடைய மச்சான்கள் இருவரின் படகுகளும் வந்தன. திரையில் இப்போது நிஜமாகவே மூன்று படகுகள். வலை மேலே வந்தபோது எங்கள் பேட்டரியும் தீர்ந்தது. ட்ரோனைக் கரையில் இறக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் படகிலிருந்து போன் செய்தார். "ஏய், இங்க ஒண்ணு தலைய தூக்கி மூச்சு வுட்டுச்சு! உங்க குருவி எங்கப்பா?"

ஜெனிஃபர் முழங்கால் தண்ணீரில் நின்று, கையைக் கண்ணுக்குமேல் வைத்து வெகுநேரம் பார்த்தாள். படகுகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"இருக்குல்ல? அது போதும்டா." கொஞ்சம் கழித்து, "இல்ல, போதாது. அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு பஸ்?"

ஆக, இரண்டு வருடத்தில் நான் கண்டறிந்தது இவ்வளவுதான்: ஆமை மூச்சுவிட மேலே வரும்போது நாம் பேட்டரி மாற்றிக்கொண்டிருப்போம், ஆனால் ஆமை வரும்.