ரிசீவரைக் கழற்றி வைத்த சனிக்கிழமை

போன கிழமை மகன் குசினி மேசையில் இருந்து கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கூட்டம் சிரித்தது. முகம் தெரியாத ஆட்கள். ஒருத்தர் தொடங்க, மற்றவர்கள் பின்னால் சேருகிற சிரிப்பு.

“அப்பா, உது நீங்கள் முந்திப் பாக்கிற ஷோ தானே?” என்றான்.

ஓம் என்றேன். கீரையை அப்படியே விட்டுவிட்டு எழும்பிச் சாமியறைக்குப் போனேன். தேவாரம் படிக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான்.

உங்களுக்குச் சொல்லலாம். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஒரு அறையில் நான், மனிசி சரோ, கைக்குழந்தை. மற்ற அறையில் மணியண்ணை. சொந்தமில்லை, ஊருமில்லை. அந்தக் காலம் எங்கட ஆட்களின் எல்லா அப்பாட்மென்றிலும் ஒரு மணியண்ணை இருந்தார். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு ரெஸ்ரோறன்ருக்குக் கோப்பை கழுவப் போவார். வீட்டில் இருந்த ரீவி யாரோ கீழே குப்பையில் எறிந்தது. அவரும் நானும்தான் அதைத் தூக்கி லிஃப்டில் ஏற்றினோம். அன்ரனாக் கம்பியில் அலுமினியத் தாள் சுற்றினால் ஒரு சனல் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரியும். அதில்தான் சனிக்கிழமைகளில் இங்கிலாந்துப் பகிடி நாடகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று.

சனிக்கிழமை எங்களுக்கு விரதம். எள்ளெண்ணெய் விளக்கு எரித்து, தேவாரம் பாடி, எட்டு மணிக்கு முன்னமே கடவுளோடு உள்ள கணக்கை அவசரமாக முடித்துவிடுவேன். ஏனென்றால் எட்டு மணிக்கு இங்கிலாந்து தொடங்கும். சாமிப்படங்கள் ஹோலில் உடுப்பு அலுமாரிக்குள் இருந்தன. ரீவியில் யாராவது கொஞ்சத் தொடங்கினால் சரோ ஓடிப்போய் அலுமாரிக் கதவைச் சாத்துவாள். முருகன் பார்க்கக் கூடாதாம்.

நான் பெரிதாகச் சிரிப்பேன். ரீவிக்குள் இருக்கிற சனம் சிரித்து அரை நொடி கழித்துச் சிரிப்பேன்.

“இப்ப என்ன சொன்னவன்?” என்பாள் சரோ.

“அது ஒரு பகிடி.”

“பகிடி எண்டு எனக்கும் தெரியுது. என்ன பகிடி எண்டு கேக்கிறன்.”

“பேசாமல் பார். அடுத்த பகிடி போகுது.”

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லண்டனுக்கென்று வெளிக்கிட்டவனை ஏஜென்சிக்காரன் இன்னொரு கடலையும் தாண்டி இங்கே கொண்டுவந்து விட்டான். போய்ச் சேராத லண்டனைக் கிழமையில் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டேன் போல.

அதற்கு ஒரு இடைஞ்சல் இருந்தது. பக்கத்து வெக்ஸ்போர்ட்டில் இருந்த சரோவின் மாமி. கோயிலால் வந்ததும், சரியாக எட்டேகாலுக்குப் போன் அடிப்பா. யார் என்ன சீலை கட்டினது, மோதகத்துக்குள் சக்கரை காணாது, எல்லாம் வரும். அதனால் எட்டு மணிக்கு ரிசீவரைக் கழற்றிக் குஷனுக்குக் கீழே வைக்கப் பழகியிருந்தேன். கொஞ்ச நேரம் கத்தும், பிறகு அடங்கிவிடும்.

அந்தக் கிழமை மணியண்ணைக்குக் கடிதம் வந்தது. தாய்க்கு நெஞ்சில் ஒப்பரேசன், கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம், வந்து சேர்ந்ததும் லொட்ஜில் இருந்து போன் எடுப்போம் என்று அவருடைய தமையன் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் அப்போது போன் இல்லை. கொழும்புக்கு வந்தவர்கள் ஒரு நிமிடம் எடுத்து லொட்ஜ் நம்பரைச் சொல்லிவிட்டு வைப்பார்கள். நாங்கள் இங்கேயிருந்து திருப்பி எடுக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

வேலைக்குப் போக சப்பாத்துப் போட்டுக்கொண்டு மணியண்ணை சொன்னார்: “தம்பி, அம்மா எடுத்தால் நம்பரை எழுதி வையுங்கோ. நாலு வருசமாய் அவவின்ரை குரல் கேக்கேல்லை.”

“நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை.”

எட்டு மணிக்கு ரிசீவரைக் கழற்றினேன்.

மறந்துபோனேன் என்று கனகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. கையில் ரிசீவர் இருந்தபோது நினைவு வந்தது. இன்றைக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டினம், சேர்ந்தாலும் நாளைக்கும் எடுப்பினம்தானே என்று நினைத்தேன். அங்கே விடியப்புறம் ஆறரை மணி என்பதையும் நினைத்தேன். ரீவியில் நாடகத்தின் தொடக்கப் பாட்டு வந்துவிட்டது. குஷனைப் போட்டேன்.

மணியண்ணை வந்து, “எடுத்தவையோ?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணை.”

அது பொய்யும் இல்லை, பாருங்கோ.

அடுத்தநாள் தாயை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஒப்பரேசன். மயக்கம் தெளியவில்லை. செவ்வாய்க்கிழமை தமையன் போன் எடுத்தார். மணியண்ணை சுவரோடு சாய்ந்து நின்று கேட்டார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “எங்களுக்குச் சனிக்கிழமை இரவு மூண்டு தரம் எடுத்தவவாம். ஒரே எங்கேஜ்ட் சத்தமாம். கொழும்பு லைன் எப்பவும் உப்பிடித்தான்.”

“ஓம் அண்ணை,” என்றேன். “லைன் சரியில்லை.”

கோயிலுக்குப் போய் அவவின் பேரில் மோட்ச அருச்சனை செய்தேன். ஐயரிடம் பேர் சொல்ல வாய் வந்தது. மணியண்ணையிடம் உண்மை சொல்ல வரவில்லை. முப்பத்தோராம் நாள் வரை ரீவி போடவில்லை. வந்துபோன சனம் அதை மரியாதை என்று நினைத்தது. சரோ மட்டும் என்னைப் பார்ப்பாள், பிறகு குஷனைப் பார்ப்பாள். மணியண்ணைதான் லீவில் நின்ற ஒரு சனிக்கிழமை, “எனக்காண்டி உங்கட புரோகிராமை விடாதேங்கோ தம்பி,” என்று தானே எழும்பிப் போய்ப் போட்டுவிட்டார். இருந்து பார்த்தேன். சிரிக்க வேண்டிய இடமெல்லாம் தெரிந்தது.

அந்த அப்பாட்மென்றில் இப்போது வேறு யாரோ. மாமி இல்லை. அந்தப் பகிடிக்காரர் பாதிப்பேர் செத்திருப்பார்கள். வீடு இரண்டு தரம் மாறியும் நாங்கள் போன் நம்பரை மாற்றவில்லை. இந்த வருடம்தான், ஒருவரும் அடிக்கிறதில்லை என்று மகன் லைனை வெட்டினான். யூனியன்வில்லில் மணியண்ணை வீட்டுக்குப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன்.

“அந்த நம்பரையோ வெட்டினியள்?” என்றார். ஏழு இலக்கத்தையும் மளமளவென்று சொன்னார். “அம்மாவும் பாடமாக்கி வச்சிருந்தவ. தாளைப் பாராமல் தானே அமத்தினவவாம், அண்ணை சொன்னவர்.”

அவருடைய மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அப்போதும் நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த நம்பரைக் கைபேசியில் அமத்திப் பார்த்தேன். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. மூன்று தரம் எடுத்தேன்.