இன்னும் குறைங்க

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பிடிவாதக்காரர். இருபதாவது மாடியில் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற மனுஷன், ஒரு சிடியிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தார்.

காரணம் என் கொழுந்தன். பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு அவன் வாயே திறக்கவில்லை. ஊட்டினால் சாப்பிடுவான், உட்கார வைத்தால் சுவரைப் பார்ப்பான். பிடித்தது எதையாவது காட்டிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாட்டு, போட்டோ, கூட்டாளிகள், எதற்கும் அசையவில்லை. மிச்சமிருந்தது அந்த சிடியில் இருந்த பழைய கார் ரேஸ் விளையாட்டுதான். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் ஒரே கீபோர்டில் இடித்துக்கொண்டு விளையாடியது. இவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. தோற்ற தம்பி அழுதுகொண்டே அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவானாம்.

புது லேப்டாப்பில் சிடி போட வழியே இல்லை. தனியாக ஒரு டிரைவ் வாங்கி மாட்டினார். இன்ஸ்டால் கொடுத்தால், இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று ஒரே வரி. யார் யாரையோ கேட்டு என்னென்னவோ செய்தார். அதே வரி. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார். எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கிப்போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

கடைசியில், பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ஒரு புரோகிராம் கிடைத்தது. விளையாட்டு திறந்தது. கொழுந்தனின் விரலைக் கீயில் வைத்ததும் கார் பாய்ந்துபோய்ச் சுவரில் மோதியது. மெஷின் எவ்வளவு வேகமோ, அவ்வளவு வேகம் ஓடுமாம் அந்தப் பாழாய்ப்போனது. கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இவர் வேகத்தைக் குறைத்தார். மறுபடியும் மோதல்.

"இன்னும் குறைங்க," என்றேன்.

"இதான்டி அப்ப இருந்த ஸ்பீடு. இதுக்கு மேல குறைச்சா அது கேமே இல்ல."

"அப்ப இருந்த தம்பியா இப்ப உட்கார்ந்திருக்கான்? குறைங்கன்னா குறைங்க."

என்னை முறைத்தார். கண் கலங்கியிருந்தது. குறைத்தார்.

கார் ஊர்ந்தது. கொழுந்தனின் விரல் அசைந்தது. வளைவில் கார் திரும்பியது. இவர் அதே கீபோர்டில் தன் காரை அவன் பின்னாலேயே ஓட்டினார், முந்தவில்லை. ரேஸ் முடிகிற கோடு நெருங்கியதும் தன் காரை நிறுத்தியே விட்டார்.

கொழுந்தனும் நிறுத்தினான். மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தான். உதடு கோணிக்கொண்டது. ஒரு சொல்லை இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்தான்.

"ஏமா...த்துற."

இவர் அழுதுகொண்டே கீயை அழுத்தி, தம்பியை முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினார்.