இரண்டாவது குடம்

தண்ணீர் லாரிக்காக நின்ற வரிசையில் என் குடத்தை ஒருத்தி காலால் தள்ளிவிட்டாள். பிளாஸ்டிக் குடம் தரையில் உருண்ட சத்தம் என்னை நான் வளர்ந்த நாரணாபுரத்துக் குழாயடிக்கே கொண்டுபோனது.

அங்கே அம்மாவின் குடத்தை எப்போதும் தள்ளிவிட்டவள் எதிர்வீட்டு மாரியக்கா. "சர்ச்சுக்குப் போற வேதக்காரிக்கு இங்கன என்ன வரிசை?" என்பாள். பட்டாசுக் கம்பெனியின் மருந்துத் தூள் எத்தனை கழுவியும் போகாமல் வெள்ளியாய் மினுங்கும் கையால், அம்மா குடத்தை எடுத்துக் கடைசியில் போய் வைப்பாள்.

ஒரு தீபாவளி சீசனில் மாரியக்கா காய்ச்சலில் விழுந்தாள். வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தும், அம்மா தன் முதல் குடத்தை மாரியக்கா வீட்டுத் தொட்டியில் ஊற்றினாள். திரும்பி வந்து இரண்டாவதையும் அங்கேயே தூக்கிப் போனாள்.

"உனக்குக் கோவமே வராதாம்மா?" என்றேன்.

"வராம என்னட்டி? மன்னிச்சிட்டேன்னு ஜெபத்துல சொல்லிட்டேன். ஆனா மொதக் கொடத்தக் கோவத்தோடதான் தூக்குனேன். கர்த்தருக்குத் தெரியாதா? அதான் இன்னொண்ணு."

லாரி வந்தது. என் குடத்தைத் தள்ளியவள் நிறைகுடத்தைத் தூக்க முடியாமல் திணறினாள். கை கொடுத்து அவள் இடுப்பில் ஏற்றிவிட்டேன். அவளிடம் இன்னொரு குடமும் இருந்தது. அதற்கு எனக்கு மனசு வரவில்லை.