தொண்டையில் எதுவும் இல்லை

ஆவணி பிறந்தால் எங்கள் ஆற்றங்கரைப் பனைகளிலிருந்து பழம் விழத் தொடங்கிவிடும். மேயப் போன மாடு வாயில் எச்சில் ஒழுக, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றால் ஊரில் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பனங்கொட்டையை விழுங்கப் பார்த்து அது தொண்டையில் அடைத்துக்கொண்டது என்பார்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். மெலிந்த கையுள்ள ஒருவர் மாட்டின் வாய்க்குள் கைவிட்டுக் கொட்டையை எடுத்துவிடுவார்.

எங்கள் தெருவில் அந்தக் கை என் மகளுடையது. போன வருஷம் எதிர்வீட்டு அண்ணனின் கன்றுக்கு அவள்தான் கொட்டையை எடுத்தாள். அதிலிருந்து அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம், "டீச்சர் வீட்டுப் பாப்பா கை இருக்கே, வளையல் நிக்காது. ஆனா மாட்டு வாய்க்குன்னே அளவெடுத்துச் செஞ்ச கை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை.

இந்த ஆவணியில் அவள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் பசு ஒரு நாள் முழுவதும் விடாமல் கத்தியது. அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்தார். "மாப்பிள்ளை கேக்குது டீச்சர். சினை ஊசி போடுறவருக்குப் போன் பண்ணுங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பருவத்துக்கு வந்த மாடு கத்தத்தானே செய்யும். குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்ததை, கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா, கரையில கட்டியிருந்த மாட்டுக்கு வாயெல்லாம் எச்சிலா ஒழுகுது. கைய விட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்லம்மா." தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பசுவைக் கொல்லைக்கு ஓட்டி வந்திருந்தார்கள். பின்னங்கால்கள் தள்ளாடின. கடைவாயிலிருந்து எச்சில் கயிறு போலத் தொங்கியது. அண்ணன் ஒரு மூங்கில் குழாயில் கஷாயம் வைத்துக்கொண்டு நின்றார். ஊற்றியதெல்லாம் வெளியே வந்து அவர் சட்டையை நனைத்திருந்தது.

"வரப்புல எவனோ மருந்து அடிச்சிருக்கான் டீச்சர். குறுவைக்குப் பூச்சின்னு சொல்லிக்கிட்டிருந்தானுங்க. அந்தப் புல்லத் தின்னுருக்கு."

"மருந்துன்னா வாசன வருமே மாமா" என்றாள் மகள்.

"ஆமா, நீ மோந்து பாத்துச் சொல்லு. பெரிய டாக்டரு!"

நான் வழியிலேயே போன் செய்திருந்த உண்மையான டாக்டர் கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். அரசு கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண். மாட்டுக்கு அருகில் போகாமல் சற்றுத் தள்ளியே நின்று பார்த்தார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார்.

"எப்பலேருந்து கத்துது?"

சொன்னேன்.

"குரல் இப்படித்தான் இருந்துச்சா?"

"ஆமாங்க, கட்டின மாதிரி."

கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பூச்சி மருந்தாக இருந்தால் கண்மணி சுருங்கியிருக்கும், இதற்குச் சுருங்கவில்லை என்றார். வாளியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். பசு ஆவலோடு வாயை வைத்தது. உறிஞ்சப் பார்த்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை. மறுபடி வைத்தது, மறுபடியும் போகவில்லை. தாகத்தோடு வாளிக்குள் முகத்தை வைத்தபடியே நின்றது. டாக்டர் அதன் மூக்கருகே காய்ந்திருந்த ஒரு வடுவைக் குனிந்து பார்த்தார். அது முள் கிழித்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

"இந்தப் பக்கம் வெறிநாய் ஏதும் திரிஞ்சுச்சா?"

அண்ணன் மூங்கில் குழாயைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்றார். போன மாதம் கரையோரம் ஒரு நாய் கண்டபடி ஓடி ஆடுகளைக் கடித்தது. அது செத்த பிறகு ஆட்டுக்காரரைத் தவிர யாரும் அதை நினைக்கவில்லை. மாடுகளைப் பற்றி யாருக்கும் தோன்றவே இல்லை.

டாக்டர் நிமிர்ந்தார். "வாய்க்குள்ள கைய விட்டது யாரு?"

மகள் வலது கையைத் தூக்கினாள். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவது போல. மாட்டின் கடைவாய்ப் பல் உரசி அவள் விரல் முட்டிகளில் தோல் வழண்டிருந்தது. அதை அப்போதுதான் பார்த்தேன்.

தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, போதும் என்று டாக்டர் சொல்லும் வரை அவள் கையைக் கழுவினேன். சோப்பு நழுவிக்கொண்டே இருந்தது. "அம்மா, நானே கழுவிக்கிறேன் விடு" என்றாள். நான் விடவில்லை.

அன்றைக்கே வேன் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். எச்சில் பட்டவர்கள் எல்லோரும் ஏறினார்கள்: கஷாயம் ஊற்றிய அண்ணன், மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்ட அவர் மனைவி, கயிற்றை இழுத்தவர்கள். வழியெல்லாம் அண்ணன் புலம்பினார். "ஒரு நாயும் என்னைக் கடிக்கல. நாய் ஊசி போடப் போறேன். இத எவங்கிட்ட சொல்ல?"

"கடிச்சிருந்தா அந்த நாய்க்குத்தான் ஊசி போடணும்" என்றார் அவர் மனைவி. வேனில் எல்லோரும் சிரித்தார்கள், மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோல் வழண்டிருந்ததால் அவளுக்கு மட்டும் காயத்தைச் சுற்றி விரல்களிலேயே தனியாக ஊசி குத்தினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

இரண்டு நாளில் பசு இறந்தது. வெறிநோய்தான் என்று பரிசோதனையில் உறுதியானதாக டாக்டர் போனில் சொன்னார். எச்சில், கத்தல், தள்ளாட்டம், மூக்கு வடு என்று எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. பருவம், முள், பூச்சி மருந்து, பனங்கொட்டை. ஒன்றும் முட்டாள்தனமான காரணம் இல்லை. பல முறை சரியாகவே இருந்த காரணங்கள். அதனால்தான் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசி ஊசியும் போட்டாகிவிட்டது. "நேரத்தோட வந்தீங்க, இனி பயப்பட ஒண்ணும் இல்லை" என்றார்கள். புத்திக்கு அது புரிகிறது. ஆனாலும் அவளை ஹாஸ்டலுக்கு அனுப்ப மனம் வரவில்லை. ஜலதோஷம், மழை, பஸ் கூட்டம் என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று சொன்னேன். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் முழுங்குறதயே பாத்துக்கிட்டிருக்கம்மா நீ."

தட்டை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"செத்தது மாடும்மா. நான் இல்ல. என்ன அனுப்பு."

அனுப்பினேன். இப்போது தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் போன் செய்கிறேன். சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்கிறேன். நான் கேட்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

இன்றைக்கும் அப்படித்தான். "இட்லிம்மா. மூணும் உள்ள போயிடுச்சு. தண்ணியும் குடிச்சாச்சு. வச்சிரட்டா? கிளாஸுக்கு நேரமாவுது."

"வச்சிரு" என்றேன். வைத்துவிட்டாள்.