மலேரியா இல்லாதவளுக்கு மலேரியா மாத்திரை

எங்கள் தீவுக் கிராமமான சின்னப்பாலத்தில் கோகிலாவைப் போல மூச்சடக்கிக் கடல்பாசி எடுக்க ஆள் கிடையாது. வாயும் காதுவரை நீளும். பக்கத்து வீடு என்பதால் என்னோடுதான் கடலுக்கு வருவாள்.

அவள் கன்னம் சிவந்தபோது, முக்குளிக்கப் போடும் கண்ணாடி அழுத்திய தடம் என்றுதான் நினைத்தோம். தடம் மூக்கைத் தாண்டி மறு கன்னத்துக்கும் படர்ந்தது. வெயில் பட்டால் எரிந்தது, விரல் மூட்டு வீங்கியது. ராமநாதபுரத்தில் தோல் டாக்டர் ரத்தம் பார்த்து, லூபஸ் என்றார். உடம்பே உடம்பைத் தாக்கும் நோயாம். ஒரு மாத்திரை எழுதி, மெதுவாகத்தான் கேட்கும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். மலேரியாவுக்கென்று வந்த மாத்திரைதான், இதற்கும் கேட்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் தீவில் மலேரியா தெரியாத வீடு ஏது? காய்ச்சல் என்றால் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். இருந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் இல்லை.

சில மாதங்களில் கோகிலாவின் முகம் தெளிந்தது. அப்புறம் ஒரு காய்ச்சல். சுகாதாரக்காரர் ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா இல்லை என்றார். அன்றோடு மாத்திரையை விட்டுவிட்டாள்.

"எனக்குத்தான் மலேரியாவே இல்லையாம்லக்கா. பெறகு எதுக்கு அதத் திங்கணும்?"

"கூறுகெட்டவளே, தோலுக்குல்லடி குடுத்தாரு!"

"ரத்தத்துலயே இல்லேன்னு வந்துருச்சு மதினி" என்று அவள் புருஷன் வினோத்குமாரும் சேர்ந்துகொண்டான். செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் அறைந்திருப்பேன்.

முகம் மறுபடி சிவந்தது. பிறகு காலும் வீங்கியது. உப்புத் தண்ணீரில் ஊறினால் வீங்காதா என்று சொல்லிக்கொண்டே பாசிக்கு வந்தாள். ஒருநாள் இடுப்பளவுத் தண்ணீரில் மயங்கிச் சரிந்தவளைத் தூக்கிக் கரை சேர்த்தோம்.

அதே டாக்டர்தான் பார்த்தார். "கிட்னியத் தாக்கிருச்சு. மதுரைக்கு எழுதித் தாரேன், உடனே போங்க. அந்த மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிங்க. முகம் தெளிஞ்சிரும்."

"கிட்னி?" என்றாள் கோகிலா.

"இப்பச் சொல்ல முடியாதும்மா."

வாங்கிய மாத்திரை அட்டையோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றை விழுங்கினாள். இன்னொன்றைப் பிதுக்கினாள், அப்புறம் இன்னொன்றை.

"ஏய், என்னடி பண்ணுற?"

"விட்ட நாளுக்கெல்லாம் சேத்துத் தின்னுட்டாச் சரியாப் போயிரும்லக்கா?"

அட்டையைப் பிடுங்கினேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.