கதவுக்கடித் தகடு

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் மத்தியில் அவளுக்குப் பெயர் கதவக்கா. புருஷன் இருந்தவரை அவர்தான் கதவண்ணன். எந்தக் காலத்துக் காராக இருந்தாலும், துருப்பிடித்த பாகத்துக்குப் பதிலாக அச்சில் அடித்த புதுத் தகடு எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் நடக்க வழியில்லாமல் கார்க் கதவுகளாகச் சாத்தி வைத்த புண்ணியத்தில் வந்த பெயர் அது. மாரடைப்பில் அவர் போன பிறகு, அவருடைய போனையும் பெயரையும் தொழிலையும் அவள் எடுத்துக்கொண்டாள். "பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தகர வேலை?" என்று சொந்தக்காரர்கள் மோவாயில் கை வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் அவர்கள் வாயை அடைத்துவிட்டாள். அவள் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு தகடும் அப்படிப் பொருந்தியது. பொருத்துகிறவன் வேறு யாருமில்லை, கார் ஷெட் வைத்திருக்கும் சொந்தத் தம்பி. ஒவ்வொரு தடவையும் போனில் ஒரே பதில்தான் வரும்: "சரியா உக்காந்துடுச்சுக்கா."

அன்று காலை வந்த பார்சலைப் பிரித்ததும் டேப்பை எடுத்து இரண்டு தடவை அளந்தாள். அவள் கேட்டது, இரண்டு கதவுக் காரில் கதவுக்கு அடியில் ஓடும் நீளத் தகடு. வந்திருந்தது, அதே காரின் நாலு கதவு மாடலுக்கு உள்ளது. ஒரு சாண் நீளம் அதிகம், வளைவும் வேறு; வெட்டிக் குறைத்தாலும் பொருந்தாது. அவர் இருந்திருந்தால் தகட்டின் மேல் டேப்பை விரித்து வைத்து போட்டோ அனுப்பச் சொல்லியிருப்பார். அனுப்பாதவனிடம் வாங்கவே மாட்டார். இவளும் கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் விற்றவன் வார்த்தைக்கு வார்த்தை மேடம் போட்டான். "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்றான். உச்சி குளிர்ந்துபோய் விட்டுவிட்டாள்.

தகட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் கார்க்காரர் அவசரப்படுத்துகிறார் என்று, தகடு வரும் முன்பே "பழசை வெட்டிப் போட்டுடுடா" என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். "வெட்டிட்டேன்க்கா" என்று அவனும் சொல்லிவிட்டான். அந்தத் தகடுதான் காருக்கு இடுப்பு. அதை வெட்டிவிட்டு மாற்று இல்லாமல் நின்றால் பாடி தொய்ந்துவிடும், கதவு ஜென்மத்துக்கும் ஒழுங்காக மூடாது. அளவெடுக்கப் பழசும் இருக்காது. பழைய இரும்புக்காரன் அள்ளிப் போயிருப்பான். அக்கா சொல்லைக் கேட்ட பாவத்துக்குத் தம்பியின் பெயர் கெடப் போகிறது. ஷெட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் இரண்டு தடவை டிக்கெட் வாங்கினாள்.

அவளைக் கண்டதும் தம்பி கிரைண்டரை நிறுத்தினான்.

"தப்பான தகடுடா. நாலு கதவோடது. உன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன். திட்டுறதுன்னா திட்டு."

அவன் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய், கார்மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கினான். ஓட்டையும் துருவுமாகப் பழைய தகடு அதே இடத்தில் அப்படியே இருந்தது.

"வெட்டலக்கா."

அவள் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. "வயித்துல பாலை வார்த்தடா!" என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

"வெட்டிட்டேன்னு சொன்னியே?"

"புதுசு வரட்டும், வச்சுப் பாத்துட்டு வெட்டலாம்னு..."

"மாமா வெட்டச் சொல்லியிருந்தா?"

அவன் சுத்தமாக இருந்த கையை மறுபடி துடைத்தான். "வெட்டியிருப்பேன்."

அவள் மனசு ஒடிந்துபோனது. அவள் வாங்கிக் கொடுத்த தகடுகளில் வெட்டி எடுத்த துண்டுகள் சுவரோரம் குவிந்து கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"அந்த வெள்ளைக் கார் மட்கார்டு?"

"கொஞ்சம் தட்டி நிமித்தினேன்."

"பச்சைக் கார் பானெட்?"

"ஓரத்துல வெட்டி ஒட்டினேன்."

"ஏன்டா எங்கிட்ட மறைச்சே?"

"மாமா போனதுக்கப்புறம் நீ முன்ன மாதிரி பேசினதே இல்லக்கா. 'உக்காந்துடுச்சு'ன்னு சொன்னாதான் உன் குரல்ல கொஞ்சம் தெம்பு வந்துச்சு."

கோபப்படவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை. "ஒண்ணாவது உக்காந்துச்சாடா?" என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். யோசிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"அந்த நீலக் காரோட டிக்கி மூடி," என்றான். "அது நெஜமாவே சரியா உக்காந்துடுச்சுக்கா."

போனில் இரண்டு வருஷமாகக் கேட்ட அதே குரலில்தான் அதையும் சொன்னான்.