நாற்பதுக்கு மேல் போகாத வண்டி

பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கார்புரேட்டர் சாமான் தேடித் தருவது, அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவது மாதிரியான வேலை; ஊரார் இலை நிறைய நிறைய நம் வயிறு எரியும்.

ராத்திரியில் நாவலூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தின் ஜெனரேட்டரையும் ஏ.சி. பிளான்டையும் பார்த்துக்கொள்கிறேன். பகலில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. புரண்டு புரண்டு படுப்பதற்குப் பதில் ஏதாவது தேடித் திரியலாமே என்று ஆரம்பித்ததுதான் இந்தத் தொழில். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. பழைய மேனுவல்களைப் போனில் படித்தும், கழற்றியும், மாட்டத் தெரியாமல் விழித்தும் கற்றது. எனக்கும் ஒரு வண்டி உண்டு. இரண்டு சைலன்சர் வைத்த டூ-ஸ்ட்ரோக், மேற்குத் தாம்பரத்தில் வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். நாற்பது வரைக்கும் ராஜா மாதிரி போகும். அதற்கு மேல் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இருமும், புகையும், திணறும், நின்றுவிடும். வாங்கிய நாளிலிருந்து மூன்று வருஷமாக இதே கதை. பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வாசலிலும் ஒன்று கவர் போர்த்திக்கொண்டு நின்றுகொண்டிருக்கும்.

போனில் கேட்ட சத்தம்

சேலையூரில் ஒரு பல் டாக்டர். அவருடைய அப்பா ஓட்டிய வண்டிக்கு, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்துகிற சின்ன ஊசி ஒன்று வேண்டும். தேய்ந்த ஊசியால் பெட்ரோல் ஒழுகி வீடே பங்க் மாதிரி நாறுகிறது என்று அவர் மனைவி வண்டியைத் தெருவில் தள்ளிவிட்டிருந்தார். இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் பெருங்களத்தூரில், மூடப்போகிற ஒரு ஸ்பேர்ஸ் கடையின் அட்டைப்பெட்டியில், பேப்பர் கூடப் பிரிக்காமல் ஒன்று கிடைத்தது. சந்தோஷமாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போன் செய்தார். பின்னால் வண்டி ஓடுகிற சத்தம். தட்தட்டென்று, ஒரு துடிப்புகூடத் தப்பாமல். கேம்ப் ரோட்டை ரெண்டு ரவுண்டு அடித்துவிட்டாராம், அறுபதில் போனாராம், தெருவே வேடிக்கை பார்த்ததாம். நான் பாத்ரூம் வாளியில் துணியை ஊறவைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைக்கும்போது அவர் சொன்னார்: "அடுத்தவன் வண்டியையே இப்படிப் பண்ணித் தர்றீங்க, உங்க சொந்த வண்டி எப்படி ஓடும்னு நினைச்சாலே பொறாமையா இருக்கு சார்."

முந்திரி டப்பா

வெள்ளிக்கிழமை என்றால் ஷிஃப்ட் முடிந்த கையோடு இருநூறடி ரோட்டில் வேலைக்கு ஓட்டுகிற ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவேன். அங்கேதான் முதன்முதலாகப் பர்வீனைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய இரும்புக் கடை ஒன்றில் பித்தளையைத் தரம் பிரிக்கும் வேலை பார்த்துவிட்டு, பிறகு சொந்தமாகத் தார்ப்பாய் விரித்தவர். குழாய், பூட்டு, ஸ்டவ் பர்னர், அவற்றுக்கு நடுவில் ஒரு முந்திரி டப்பா நிறைய ஜெட்.

ஜெட் என்பது கடுகு டப்பாவில் போட்டால் காணாமல் போகிற அளவுக்கு ஒரு பித்தளை ஸ்க்ரூ. நடுவில் ஊசித் துளை. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. தலையில் நம்பர் அடித்திருக்கும், பாதி தேய்ந்திருக்கும். நான் வெர்னியரையும் அளவு ஊசிகளையும் எடுத்து, கண்ணாடியை மாட்டி, போனில் மேனுவலைத் திறப்பதற்குள் பர்வீன் ஒரு ஜெட்டைத் துப்பட்டா நுனியில் துடைத்து, உதட்டில் வைத்து ஊதினார். விசில் மாதிரி மெல்லிய சத்தம். நம்பர் தெரிந்த ஜெட் ஒன்றையும் ஊதிப் பார்த்துவிட்டுத் தொண்ணூற்றிரண்டு என்றார். நான் அளந்தேன். தொண்ணூற்றிரண்டுதான். இன்னொன்று ஊதினார், அதுவும் சரி. மூன்றாவதை வேண்டுமென்றே குப்பையிலிருந்து பொறுக்கிக் கொடுத்தேன். அதையும் சொன்னார். நான் அளப்பதை நிறுத்தவில்லை என்று பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: "நீங்க பாட்டுக்கு அளங்கண்ணா, நான் சொன்னது சரியான்னு நானும் தெரிஞ்சுக்கணுமில்ல."

லோகநாதன் சாரின் நன்றி

குரோம்பேட்டை லோகநாதன் சார் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், ஐந்து வருஷமாக என் ஆள். ஒரு வாஷருக்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். நாலு மாதம் போனே வரவில்லை என்றதும் உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று நானே வீட்டுக்குப் போனேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வண்டிதான் வாசலில் பளபளவென்று நின்றது, புது ஜெட் போட்டு. எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே காபி கொடுத்துக்கொண்டே சொன்னார், பல்லாவரத்தில் ஒரு பெண் இருக்கிறதாம், ஊதியே சொல்லிவிடுகிறதாம், என்னையும் போய்ப் பார்க்கச் சொன்னார். அப்படியா என்று கேட்டு வைத்தேன். வாசல் வரை வந்து தோளைத் தட்டினார்: "உங்களைக் குறை சொல்லல தம்பி, நீங்க படிச்சுப் பார்த்துச் சொல்றீங்க, அந்தம்மாவுக்குத் தெரியுது."

அன்றைக்கும் பகலில் தூங்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

டப்பாவோடு வாங்கியது

இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் உங்களில் யாரும் இந்த மாதிரி ஒரு காரியம் செய்யவில்லை என்று நான் நம்பமாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தை விரிகிற நேரத்துக்கே போய் நின்றேன். பர்வீன் தார்ப்பாய்க்கு நாலு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தார். முந்திரி டப்பாவை எடுத்தேன். மொத்தமாக வேண்டும் என்றேன். ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லையா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். டப்பாவே இல்லாவிட்டால் எதை ஊதுவார் என்பதுதான் என் கணக்கு. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் காதில் வாங்காமல் காசைக் கொடுத்து, டப்பாவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்த பிறகுதான் அவர் பின்னாலேயே வந்து நிற்பது தெரிந்தது. "அல்லாத்தையும் எடுத்துக்கினது சந்தோஷம்தாண்ணா, ஆனா அதுல பாதி பம்ப் ஸ்டவ்வுக்குப் போடுறது, வூட்ல போய் வண்டில மாட்டிடாதீங்க."

சாப்பாட்டு நேரம்

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் என் மனைவி தேவி எனக்குச் சோறு போடுவதோடு பர்வீன் புராணத்தையும் கேட்பார். அந்தப் பெண் சரியாகக் கழுவுவதில்லை, எச்சில் பட்டால் பித்தளை கறுக்கும், ஊதிச் சொல்வதெல்லாம் குருட்டாம்போக்கு, மேனுவலில் அப்படி ஒரு முறையே இல்லை. நான் சொல்லிக்கொண்டே போவேன். முதலில் தேவிக்கு வேறு சந்தேகம் வந்ததாகப் பிறகு ஒரு நாள் சொன்னார். அது தீர்ந்தது எப்படி என்றால், ஒருவரை ரகசியமாகப் பிடித்திருந்தால் இப்படியா திட்டுவார்கள் என்று யோசித்தாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சந்தைக்கு என் வண்டியிலேயே போகலாம் என்று கிளம்பி, சானடோரியம் தாண்டுவதற்குள் நின்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் தள்ளிக்கொண்டே வீடு திரும்பியிருந்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அப்போதும் சோற்றில் கை வைத்தபடி அந்தப் பெண்ணைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். தேவி ரசத்தை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "வண்டி ஓடலைன்னு எரியுதா, அவங்ககிட்ட காட்டினா ஓடிடும்னு எரியுதா, அதை மட்டும் சொல்லுங்க."

கஸ்டமருடைய ஜெட்

பதில் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. என் வண்டியின் மெயின் ஜெட்டைக் கழற்றி, மாத்திரைக் காகிதத்தில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். தாம்பரத்தில் ஒரு கஸ்டமர் இருக்கிறார், அவருடையது, சும்மா பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். என்ன கோளாறு என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

துடைத்து ஊதினார். நிறுத்தினார். மறுபடி ஊதினார். அதற்குள் புதிதாக நிரப்பி வைத்திருந்த வேறொரு டப்பாவிலிருந்து அதே நம்பர் போட்ட இன்னொன்றை எடுத்து ஊதினார். சத்தம் உயரமாக வந்தது. என்னுடையதில் சத்தம் கட்டைக்குரல் மாதிரி இறங்கிக் கேட்டது. எனக்கே கேட்டது. "நம்பர் சரியா கீது, ஓட்டைதான் பெருசு. யாரோ கம்பி வுட்டுக் குடைஞ்சிருக்காங்க," என்றார் பர்வீன். துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம் போகும், ஸ்லோவில் தெரியாது, முழுக்கத் திருகினால்தான் வண்டிக்கு மூச்சுமுட்டும், நாற்பது தாண்டியிருக்காதே என்று கேட்டார்.

வண்டி வாங்கி வந்த முதல் வாரம், ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று, பழைய கிளச் கேபிளிலிருந்து ஒரு எஃகு இழையை உருவி, மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கக் குடைந்தது நான்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பெருமைப்பட்டதும் நான்தான். பிறகு மூன்று வருஷம் காயில், பாயின்ட், பிஸ்டன் ரிங் என்று எல்லாவற்றையும் மாற்றினேன். நம்பர்தான் சரியாக இருக்கிறதே என்று அந்த ஜெட்டை மட்டும் ஒரு தடவைகூட அளக்கவில்லை. சந்தையில் ஊரார் ஜெட்டையெல்லாம் அளந்தவன்.

பர்வீன் நல்ல ஜெட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பழையதையும் திருப்பிக் கொடுத்தார். கஸ்டமரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். ரொம்பக் கவனமாக அவர் ஒரு குழாயை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்க்காமல். "அவுரைத் திட்டாதீங்கண்ணா, குடைஞ்சவரு பொறுமைசாலி, ஓட்டை எவ்ளோ வட்டமா கீது பாருங்க."

அன்றைக்கே மாட்டினேன்; வண்டி இப்போது வண்டலூர் வரைக்கும் அறுபத்தைந்தில் நிற்காமல் போகிறது, ஆனால் இந்தச் செய்தியைப் பல்லாவரத்தில் போய்ச் சொல்ல எந்தக் கஸ்டமரின் பெயரை எடுப்பது என்றுதான் இன்னும் விளங்கவில்லை.